யார் அவளுடைய ‘ச்சம்’

என் மகள் எல்லோரையும் ‘ப்ரோ’ என்றுதான் அழைக்கிறாள். பால் பாக்கெட் போடுகிறவர் ப்ரோ, அவளுடைய மேலதிகாரி ப்ரோ, சில நாள் நானும் ப்ரோ. சென்ற மாதம் ஒரு காலையில், “ப்ரோ, சட்னில உப்பு இல்ல” என்றாள். உப்புச் சாடியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, எங்கள் காலத்திலும் இப்படி ஒரு இங்கிலீஷ் சொல் இருந்தது என்றேன். என்ன சொல் என்று கேட்டாள். சொன்னேன்.

“ச்சம்மா? கேட்டதே இல்லையே. ரொம்பப் பழசு போல.”

பழசுதான். என் வயதுக்காரர்களான உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். வாடகை நூல் நிலையத்தில் முனை மடங்கிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களை எடுத்துப் படித்தவர்கள் கட்டாயம் அறிந்திருப்பீர்கள். அந்தக் கதைகளில் வரும் விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் நெருங்கிய தோழியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உங்களில் பலருக்கு அது புத்தகத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்ட சொல். எனக்கு அப்படி இல்லை. இன்றைக்கும் யாராவது அதைச் சொன்னால் என் காது மடல் சூடாகிறது.

நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள். என்றைக்கு எரிவாயு சிலிண்டர் வந்தது, என்றைக்கு மழை பெய்து முடிச்சூர் சாலையில் தண்ணீர் நின்றது எல்லாம் எழுத்தில் இருக்கும். ஆனால் இப்போது சொல்லப்போகும் வருடம், நான் நாட்குறிப்பு தொடங்குவதற்கு முந்தையது. நினைவைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. பொறாமையோடு சேர்த்து வைத்த நினைவு எளிதில் நைந்துபோவதில்லை என்பது என் அனுபவம்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், அத்தை மகள் படப்பையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பா அங்கே அரிசி ஆலை வைத்திருந்தார். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வேண்டும் என்று திடீரென்று அவருக்குத் தோன்றி, என் பள்ளியில், என் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார். மேற்கு தாம்பரத்தில் எங்கள் வீடு சின்னது. கூடத்தை ஒட்டி இருந்த சிறிய அறை அதுவரை எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. அதில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு தகர அலமாரி, ரசம் போன கண்ணாடி. அப்பா இன்னொரு கட்டில் வாங்குவதாகச் சொன்னார். வாங்கவில்லை. ஒரே கட்டிலில் இருவரும் படுத்தோம்.

முதல் வாரம் அவள் தலையிலிருந்து வந்த விளக்கெண்ணெய் வாடை எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. காலையில் அவள் எனக்குப் பின்னிவிடுவாள், நான் அவளுக்கு. ஆலையில் தவிடு பறப்பதையும், அதைத் தின்ன வரும் குருவிகளையும், அவற்றை விரட்டுகிற கூலியாள் மாலையில் தானே தவிட்டு நிறத்தில் வீட்டுக்குப் போவதையும் அவள் நடித்துக் காட்டுவாள். அடுக்களையிலிருந்து அம்மா, “இதுங்க ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி” என்பாள். அதைக் கேட்கும்போது எனக்குள் ஏதோ நிறையும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு எல்லோரையும்விட நான் முதலாவதாக இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி பரங்கிமலைப் பக்கம். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடிக்க வேண்டும். வண்டி அங்கிருந்துதான் கிளம்பும். கடற்கரையிலிருந்து வந்த வண்டி நிற்பதற்குள், இறங்குகிறவர்களைப் பொருட்படுத்தாமல் பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை இருக்கையில் எறிவார்கள். கைக்குட்டை கிடக்கும் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மகளிர் பெட்டியில் எதற்கெல்லாமோ சண்டை வரும். அதற்கு மட்டும் வராது. கைக்குட்டையை நகர்த்துவது அங்கே மிகப் பெரிய மரியாதைக் குறைவு.

என் கைக்குட்டைகள் காற்றில் திரும்பிப் பிளாட்பாரத்திலேயே விழும். அத்தை மகள் இரண்டாம் நாளே அதற்கு வழி கண்டுபிடித்தாள். முனையில் ஒரு புளியங்கொட்டையை வைத்து முடிச்சுப் போட்டாள். பிறகு அவள் எறிந்தால் குறி தப்பாது. ஜன்னலோரம் அவளுக்கு, பக்கத்து இடம் எனக்கு. குரோம்பேட்டை தாண்டியதும் பம்மல் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வாடை வரும். இருவரும் ஒரே கைக்குட்டையின் இரண்டு முனைகளை மூக்கில் பிடித்துக்கொள்வோம். அவள் முனையில் புளியங்கொட்டை இருக்கும்.

இப்படி ஒரு பருவம் முழுக்க இருந்திருக்கலாம். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் இன்னொருத்தி வந்தாள். நான் அவளை எப்போதும் ‘ஏர்ஃபோர்ஸ்காரி’ என்றுதான் மனதுக்குள் அழைத்தேன், இப்போதும் அப்படியே அழைக்கிறேன். அவள் அப்பா விமானப்படையில் சார்ஜன்ட். கிழக்கு தாம்பரத்தில் குவார்ட்டர்ஸ். அங்கே இருந்த பள்ளியில் அவள் வகுப்பில் இடமில்லை என்று எங்கள் பள்ளிக்கு வந்தாள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் ஆக்ரா, ஜோர்ஹாட் என்று ஊர் ஊராகப் போனதில் அவள் தமிழ் பாதி உதிர்ந்திருந்தது. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னிவிட யாரும் தேவையில்லை.

முதல் நாள் ரயிலில் எங்கள் எதிரே நின்றாள். அத்தை மகளின் கைக்குட்டை எறிதலைப் பார்த்திருக்கிறாள் போல. “வாட் அ த்ரோ! எனக்கும் கத்துக் கொடுப்பியா?” என்றாள்.

அத்தை மகளுக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. “இதுல கத்துக்க இன்னா கீது? கொட்டைய முடிஞ்சி வீச வேண்டியதுதான்.”

“கீது! சோ ஸ்வீட். நான் கீது சொல்லலாமா?”

“சொல்லேன்.”

“இன்னா கீது, ச்சம்?” என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சொல் தெரியும், புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் நிஜ வாயால் ஒருவர் அதைச் சொல்லிக் கேட்டது அன்றுதான். அது என்னைப் பார்த்துச் சொல்லப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் பெட்டியிலேயே குடியேறிவிட்டது. “பை ச்சம்.” “டிஃபன்ல என்ன ச்சம்?” அத்தை மகள் திருப்பிச் சொல்லும்போது கொஞ்சம் அழுத்திச் சொல்வாள், புதிதாகப் போட்ட வளையலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. வீட்டில் பல் தேய்க்கும்போதும் முணுமுணுப்பாள். அறையில் என்னிடம் அவள் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.

அப்பாவிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனாலும் வேறு ஏதாவது இருக்கக்கூடாதா என்று ஓர் ஆசை. அப்பா மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, அட்டை பெயர்ந்த சிறிய அகராதியைப் புரட்டினார்.

“நெருக்கமான நண்பன். பேச்சு வழக்கு” என்றார். “எதுக்கும்மா?”

“சும்மா.”

“எழுத்துல போடாத, மார்க் போயிடும்.”

அப்பாவின் கவலை அவ்வளவுதான். நெருக்கமான என்ற சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஒரே கட்டிலில் படுக்கிறவளைவிட நெருக்கமானவர் யார் என்று அந்த அகராதி சொல்லவில்லை.

ஒருநாள் நானே கைக்குட்டை எறிவது என்று முடிவு செய்தேன். இருவருக்கும் முன்னால் ஸ்டேஷனுக்குப் போய், புளியங்கொட்டை முடிந்த என் இரண்டு கைக்குட்டைகளை எறிந்து, ஜன்னலோரமும் பக்கத்து இடமும் பிடித்துவிட்டேன். நான் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, ஜன்னலோர இடத்தின் மேல் கை வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை மகள் ஏறினாள். “தேங்க்ஸ்டி!” என்று என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த இருக்கை வரிசைக்குப் போனாள். அங்கே ஏர்ஃபோர்ஸ்காரி அவளுக்காக எழுந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு பூக்காரம்மா கூடையோடு வந்து என் முன்னால் நின்றார். கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“யாருக்கு எடம் வச்சிகினு கீற பாப்பா?”

“எங்க அத்தைப் பொண்ணுக்கு.”

“எங்க அவ?”

நான் தலையால் காட்டினேன். பூக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒரு புத்தகத்தின் மேல் தலை முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அது வராது கண்ணு. நான் குந்திக்கவா?” என்றார். கைக்குட்டையை அவராக நகர்த்தவில்லை. நான் எடுக்கும்வரை நின்றார். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. சாமந்தி வாசனை இன்றுவரை எனக்கு நல்ல வாசனை இல்லை.

ஏர்ஃபோர்ஸ்காரியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள். அழைப்பு அத்தை மகளுக்குத்தான். நான் துணைக்கு. குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள், சுண்ணாம்பு பூசிய செங்கல்களால் கரை கட்டிய செடிகள். உள்ளே எல்லாப் பொருளிலும் விமானப்படையின் எண் எழுதியிருந்தது, நாற்காலியின் முதுகில்கூட. பெட்டிகள் பாதி பிரிக்கப்படாமல் சுவரோரம் நின்றன. அவள் அம்மா பிளம் கேக் வெட்டிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த துண்டில் திராட்சை இல்லை. அத்தை மகளுடையதில் இருந்தது.

இருவரும் ச்சம், ச்சம் என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு சார்ஜன்ட் சிரித்தார்.

“உங்களுக்கு முன்னாடியே எங்களுக்கு அது தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி நான் இருந்த எடத்துக்கே ச்சம்மரின்னுதான் பேரு.”

“அப்படின்னா அங்கிள்?” என்றாள் அத்தை மகள்.

“பேச்சிலர்ஸ் எல்லாம் ஒண்ணா தங்குற வீடு. வெள்ளைக்காரன் வச்ச பேர். ஒரே ரூம், ஒரே ஃபேன். எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் ஆகவே ஆகாது. ஆனா ஒரே ரூம்ல கெடந்தா எதிரிகூட ச்சம் ஆயிடுவான்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் தட்டில் இருந்த துண்டில் திராட்சையைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டிய ஆயுதத்தை அந்த மனிதர் என் எதிரிலேயே மேசையில் வைத்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு சார்ஜன்டுக்கு மாற்றல் வந்தது. எனக்கு அந்தச் செய்தி கிடைத்த காலை, பொங்கல் வருகிற காலை போலிருந்தது. கடைசி நாள் ரயிலில் ஏர்ஃபோர்ஸ்காரி நீலக் கரை போட்ட தன் கைக்குட்டையை அத்தை மகளிடம் கொடுத்தாள். இருவரும் அழுதார்கள். என்னிடமும் கை குலுக்கினாள். “டேக் கேர் ஆஃப் மை ச்சம்” என்றாள். என் கட்டிலில் படுப்பவளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு உத்தரவு!

மறுநாள் காலை அத்தை மகள் வழக்கம்போல ஓடிப்போய் எறிந்தாள். ஜன்னலோரம் ஒன்று. பக்கத்து இடத்தில் ஒன்று. நான் மூச்சிரைக்க ஏறி வந்து, எனக்காகப் போட்ட இடம் என்று நினைத்து அந்த இரண்டாவது கைக்குட்டையைப் பார்த்தேன். நீலக் கரை.

“அது கிடக்கட்டும்டி” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “இன்னிக்கு ஒரு நாள்.”

பரங்கிமலை வரை பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. கைக்குட்டை கிடந்ததால் யாரும் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே போனேன். ஒரு மனுஷியைப் பார்த்துப் பொறாமைப்படுவது எல்லோருக்கும் நடக்கும். ஒரு காலி இடத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் உங்களில் எத்தனை பேரோ.

வருடப் பரீட்சை எழுதியதும் அத்தை மகள், படப்பைக்கே திரும்பிப் போய் அங்கேயே படிக்கிறேன் என்றாள். அவள் அப்பா திட்டினார். கேட்கவில்லை. அம்மா, “பாவம், அம்மாவைப் பிரிஞ்சி இருக்க முடியல குழந்தைக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழிக்கு முறுக்கு சுற்றிக் கொடுத்தாள். அம்மா நினைத்தது தவறு என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஏர்ஃபோர்ஸ்காரி இல்லாத தாம்பரத்தில் இவளுக்கு என்ன வேலை? நான் போதவில்லை. அவ்வளவுதான் விஷயம். கட்டில் பெரிதாகிவிட்டது. நான் நடுவில் படுக்கப் பழகவில்லை. சுவரோரமாகவே படுத்தேன்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். அவர்கள் இருவரும் விடவில்லை. முதலில் இன்லண்ட் கடிதம், பிறகு தொலைபேசி, இப்போது வாட்ஸ்அப். ஏர்ஃபோர்ஸ்காரி பெங்களூரில் இருக்கிறாள். அத்தை மகள் கணவரோடு படப்பையிலேயே இருந்து, இப்போது ஆலை இருந்த இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாள். அவர்கள் சேர்ந்து எடுத்த படங்களின் கீழெல்லாம் அந்தச் சொல் வருகிறது. என்னை யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது, “இவ எங்க மாமா பொண்ணு” என்பாள். உண்மைதான். தப்பில்லாத வாக்கியம். அதனால்தான் கோபப்படவும் வழியில்லை.

மகள் ‘ரொம்பப் பழசு’ என்றாளே, அன்று மாலை அவள் கைப்பேசியில் பெரிய அகராதி ஒன்றைத் திறந்து அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். இங்கிலாந்தில் முன்னூறு வருடங்களுக்கும் முன்னால், பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சில் பிறந்ததாம். ‘சேம்பர்’ என்றால் அறை. ஒரே அறையில் தங்குகிறவனை ‘சேம்பர்-ஃபெல்லோ’ என்பார்கள், அதைச் சுருக்கித்தான் அநேகமாக ‘ச்சம்’ வந்தது என்று போட்டிருந்தது. அநேகமாக என்பதையும் எழுதிவிடுகிறேன், அகராதியே உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் முதல் அர்த்தம் உறுதி. நண்பன் என்பதெல்லாம் பின்னால் ஏறிய அர்த்தம். முதலில் அது அறையைப் பகிர்ந்துகொள்கிறவரைத்தான் குறித்தது.

நான் எழுந்துபோய் முகம் கழுவினேன். சார்ஜன்டின் ச்சம்மரி, ஒரே ஃபேன், அந்தக் கேக் துண்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்பாவின் அகராதி இன்னும் நாலு வரி பெரியதாக இருந்திருந்தால், ரயிலில் எழுந்து நின்று வழக்காடியிருப்பேன். சட்டப்படி நான்தான் அவளுடைய ச்சம். அந்தப் பெண் வெறும் ரயில் சிநேகிதி.

போன வாரம் அத்தை மகளின் மகனுக்குக் கல்யாணம். பெருங்களத்தூரில் மண்டபம். உறவினர்களுக்கு அறை ஒதுக்குகிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள், நான் ஒழுங்காகச் செய்வேன் என்று. ஒழுங்காகவே செய்தேன். முதல் மாடியில் நல்ல அறை, இரண்டு கட்டில், ஏசி. அதை மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பெங்களூரிலிருந்து வரும் அவளுடைய சிநேகிதிக்கும் ஒதுக்கினேன். எனக்கு இரண்டாம் மாடியில், ஏசி இல்லாத அறை. யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. செய்து முடித்தபோது எனக்கு ஒரு கசப்பான திருப்தி.

வரவேற்பு நாள் மத்தியானம் நான் என் அறையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, படியேறிய மூச்சிரைப்போடு அத்தை மகள் வந்தாள்.

“யாருடி எனக்குக் கீழ ரூம் போட்டது?”

“நான்தான். ஏசி ரூம். உன் ச்சம்கூட.”

“ஏசி எனக்கு ஒத்துக்காதுன்னு தெரியாதா உனக்கு? அதுவுமில்லாம அவ குறட்டை விடுவா. மைசூர் டூர்லயே பார்த்தாச்சி.” கட்டிலில் உட்கார்ந்து கைவிரலால் கழுத்து வியர்வையை வழித்தாள். “எனக்கு நாளைக்குக் காலைல முகூர்த்தம். நான் தூங்கியாவணும். இங்கதான் படுப்பேன்.”

“ஒரே கட்டில்தான் இருக்கு.”

“அப்போ மட்டும் ரெண்டா இருந்திச்சி?”

அவளைப் பார்க்காமல் புடவையை மடித்தேன். இவ்வளவு வருடம் கேட்காததைக் கேட்டேன். “அப்புறம் ஏண்டி படப்பைக்கு ஓடின? அவ போயிட்டான்னுதானே?”

கீழே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கிலீஷுக்குப் பயந்துதான்” என்றாள். “நீ எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட். அவகிட்ட தப்புத் தப்பா பேசலாம், சிரிச்சிட்டுப் போயிடுவா. அவ தமிழும் அப்படித்தானே. உன்கிட்ட எப்படிடி பேசறது? உன்னைப் பார்த்தாலே எனக்கு வயித்தெரிச்சல் அப்போ.”

என்னைப் பார்த்தா? நான் கேட்பதற்குள் அவள் இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை உருவினாள். முனையில் நகைப்பெட்டிச் சாவியை முடிந்திருந்தாள். கட்டிலின் வெளிப்பக்கத்தை ஒருமுறை குறி பார்த்துவிட்டு எறிந்தாள். டக்கென்று தலையணையில் விழுந்தது. வெறும் வெள்ளைக் கைக்குட்டை, கரை எதுவும் இல்லை.

“எடம் போட்டாச்சி. எவளும் படுக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, படியிறங்கிப் போனாள்.

அப்போதுதான், அவள் அவசரத்தில் கவனிக்காமல் தாண்டிப் போன ஏர்ஃபோர்ஸ்காரி வாசலோரம் நிற்பதைப் பார்த்தேன். குட்டை முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் இரண்டு காபி டம்ளர்கள், ஒன்று அவளுக்கு, இன்னொன்று யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை.

“கீழ ரூம்ல நான் மட்டும்தானா?” என்றாள் சிரித்துக்கொண்டே.

சிரிப்பு வாயில் இருந்தது. கண் தலையணையில் கிடந்த கைக்குட்டையின் மேல் இருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பரங்கிமலை வரை நின்றுகொண்டே போனவளின் பார்வை அது.

“உள்ள வாங்க, உட்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார வசதியாக நான் கைக்குட்டையை நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை.